பள்ளியைப் பாதியில் விட்டவர் பட்டம் வாங்க எந்த வழியில் போகலாம்?

ஒன்பதாவதோடு நின்றவர்கள், பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவர்கள், பிளஸ் டூவுக்கு நடுவில் வேலைக்குப் போனவர்கள் என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா, கோவையில் லேத் பட்டறையில் வருடக்கணக்காக நிற்கும் தம்பி, ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர், அங்கன்வாடி உதவியாளர். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், அல்லது "டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆக்கலாம்" என்று கம்பெனியில் யாராவது சொன்னதும், படிப்பு நினைப்பு மறுபடி வருகிறது. அந்த நேரத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய நோட்டீஸ்தான்: பத்தாவது ஃபெயிலா, நேரடியாக டிகிரி.

இப்படி வருகிறவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. மாநில அரசின் பத்தாவது, பிளஸ் டூ தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதிவிட்டுக் கல்லூரிக்குப் போவது ஒன்று. அதே இரண்டு கட்டத்தையும் என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் முடிப்பது இன்னொன்று. ஐடிஐ, பாலிடெக்னிக் என்று தொழில் படிப்பு வழியாக மேலே ஏறுவது மூன்றாவது. பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆயத்தப் படிப்பு மட்டும் முடித்து நேராகப் பட்டத்துக்குப் போவது நான்காவது. நோட்டீஸில் இருப்பது இந்த நான்காவது வழி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாண்டிக் குதிக்கும் வழி

இதை யாரோ ஏமாற்றுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது. 1985இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, தொலைதூரப் படிப்புக்கு வெளியிட்ட விதியிலேயே இதற்கு இடம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும், 21 வயது நிறைந்தவர் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறி இளங்கலையில் சேரலாம் என்றது அந்த விதி. அதே 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எல்லாரும் சொல்கிற இக்னோ, தொடங்கப்பட்டது. பள்ளியை முடிக்காத, 18 வயது நிறைந்தவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றை அது வைத்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. வறுமையால் படிப்பை விட்ட ஒருவருக்கு இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும் என்ற அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். அந்தக் கதவு வழியாகப் போய் உண்மையாகவே உழைத்துப் படித்தவர்களும் நிறையப் பேர்.

சிக்கல் படிப்பில் இல்லை. அந்தப் பட்டத்தை எங்கே கொண்டுபோய் நீட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேராக முதுகலை வாங்கியவரின் தகுதிதான் அங்கே கேள்வி. அந்த முதுகலை செல்லாது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாவதும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலை முறையில் பெற்ற பட்டங்களை அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

அன்று முதல் டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது: முதலில் பத்தாவது, அடுத்து பிளஸ் டூ அல்லது அதற்கு இணையானது, பிறகு பட்டம். வரிசை மாறக் கூடாது. வக்கீல் படிப்புக்கும் இதே கதைதான். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, பள்ளிப் படிப்பைத் தாண்டித் திறந்தநிலையில் பட்டம் பெற்றவருக்கு மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பில் இடம் கிடையாது. தொலைதூரத்தில் படித்ததை அந்த விதி குற்றமாகப் பார்க்கவில்லை. அடிப்படைத் தகுதி இல்லாமல் படித்ததைத்தான் தடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு "கரஸில் படித்தால் செல்லாது" என்று ஊரில் பேசுவது தவறு. வரிசையாகப் படித்து, அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் தொலைதூர முறையில் வாங்கிய பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டமும் சமம் என்று யுஜிசி 2022இல் தெளிவாகவே அறிவித்தது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. தொலைதூர, இணையவழிப் படிப்புகளுக்கு யுஜிசி 2020இல் கொண்டுவந்த விதிகள், இளங்கலையில் சேர பன்னிரண்டாம் வகுப்பையே அடிப்படையாக வைக்கின்றன. 1985இன் அந்தத் தாராளம் இப்போது இல்லை. ஆகவே "ஆறு மாதத்தில் ஆயத்தம், மூன்று வருடத்தில் பட்டம்" என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது பழைய காலத்துக் கணக்கு. ஒன்பதாவதோடு நின்றவருக்கு மூன்றரை வருடத்தில் முடிந்த மாதிரி தெரியும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் பத்தாவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிவரும். நான்கு வழிகளிலும் நேரம் அதிகம் பிடிக்கிற வழி இதுதான் என்று நான் சொல்வது அதனால்தான்.

தனித்தேர்வர் வழி

பலருக்கும் நான் முதலில் சொல்லும் வழி இது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே பொதுத்தேர்வு, அதே கேள்வித்தாள், பள்ளி மாணவருக்குக் கிடைக்கும் அதே மதிப்புள்ள சான்றிதழ். எட்டாவது தேர்ச்சிக்கே சான்று இல்லாதவருக்கு இஎஸ்எல்சி என்கிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. பத்தாவதை நேரடியாக எழுத பதினான்கரை வயது ஆகியிருந்தால் போதும். மேல் வயதுக்கு வரம்பு இல்லை. ஐம்பதிலும் எழுதலாம். செலவும் சில நூறு ரூபாய்தான். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் ஆன்லைனில் ஏற்றுவார்கள்.

பத்தாவதில் ஐந்து பாடம், ஒவ்வொன்றுக்கும் 35 மதிப்பெண் வேண்டும். ஒரே மூச்சில் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேறிய பாடம் தேறியதுதான். மிச்சத்தை அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களைப் பயமுறுத்துவது கணக்கும் ஆங்கிலமும். ஆனால் என் அனுபவத்தில் ஆட்களைத் தடுக்கி விழவைப்பது அறிவியல்தான், அதுவும் பாடம் கடினம் என்பதால் கிடையாது. அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. நேரடியாக எழுதுகிறவர் தேர்வுக்கு மாதக்கணக்கில் முன்பே செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்வர வேண்டும். இதற்கான அறிவிப்பு தனியாக, முன்னதாகவே வந்து போய்விடும். தேர்வு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கு ஒரு வருடம் அப்படியே போய்விடும். வேலைக்குப் போகிறவருக்கு இந்த வகுப்புக்கு லீவு கேட்பதும் ஒரு தலைவலி. முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அந்தப் பனியன் கம்பெனி அக்காவின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். படிக்கிற ஆசையும் உண்டு, மூளையும் உண்டு. விண்ணப்பம் போடப் போனபோது டிசியில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். டிசியில் பிறந்த தேதி ஜூன் மாதம், வாத்தியார் சேர்க்கும்போது போட்டுக்கொண்டது; ஆதாரில் வேறு தேதி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டி, "இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, ஆனால் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. படிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. பத்தாவது சான்றிதழில் எந்தப் பெயரும் பிறந்த தேதியும் ஏறுகிறதோ, வாழ்நாள் முழுக்க எல்லா இடத்திலும் அதுதான் கேட்பார்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. கல்யாணமான பெண்கள் டிசியில் உள்ள அப்பா இனிஷியலிலேயே தேர்வு எழுதிவிட்டு, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான் சுலபம். டிசி தொலைந்துவிட்டால் படித்த பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இரண்டாம் படி கேட்கலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்கும். தயங்காமல் போய்க் கேளுங்கள்.

பிளஸ் டூவில் நேரடித் தனித்தேர்வருக்கு ஒரு முக்கியமான எல்லை உண்டு. பெரும்பாலும் செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களைத்தான் எடுக்க முடியும். அதாவது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மாதிரி. நர்சிங், பி.எஸ்சி. வேதியியல் என்ற ஆசை இருப்பவருக்கு இந்த வழி சரிப்படாது. பி.காம்., பி.ஏ., பி.பி.ஏ. பக்கம் போகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017–18இல் வந்தது, 2025–26 கல்வியாண்டில் எடுக்கப்பட்டது. அதனால் "முதலில் பிளஸ் ஒன் எழுதி, அடுத்த வருடம் பிளஸ் டூ" என்று சொல்கிறவரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இடைவெளி எத்தனை வருடம், எந்தத் தேர்வு கட்டாயம் என்பதை அந்த ஆண்டின் அறிவிக்கையில் மட்டும் பாருங்கள்.

புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருடத்துக்கு முன் பத்தாவது எழுதியவர்கள் பழைய நோட்ஸைத் தேடி எடுக்க வேண்டாம். இப்போதைய பத்தாவது புத்தகங்கள் 2019–20இல் வந்தவை, பாடம் நிறையவே மாறியிருக்கிறது. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

என்ஐஓஎஸ்: யாருக்கு, யாருக்கு வேண்டாம்

1989இல் தேசியத் திறந்த பள்ளியாகத் தொடங்கிய இது, மத்திய அரசின் வாரியம். சிபிஎஸ்இ மாதிரி முறையான வாரியம்தான், டியூட்டோரியல்காரர் வைத்திருக்கிற கடை இல்லை. வயது முதிர்ந்த மாணவரை மனத்தில் வைத்தே இதன் விதிகள் அமைந்திருக்கின்றன. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. அதற்கு மேல், தயாராக இருக்கும்போது போய் எழுதுகிற வசதியும் உண்டு. ஐந்து பாடம் போதும். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஏற்கெனவே வேறு வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டு வரை விதிகளுக்கு உட்பட்டு எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், பத்தாவதில் கணக்கு கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம், வணிகப் பாடங்கள் என்று தேர்ந்தெடுக்கலாம். கணக்கு என்ற ஒரே பாடத்தில் மூன்று நான்கு தடவை தடுக்கி விழுந்து, "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவுகட்டிய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நியாயமான வழி. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களும் எடுக்கலாம் என்பது தனித்தேர்வர் வழியில் கிடைக்காத வசதி.

இவ்வளவு சொன்ன பிறகும் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்நாடு அரசு வேலை விஷயத்தில் என்ஐஓஎஸ் சான்றிதழின் இணைத்தன்மை பற்றிச் சர்ச்சைகள் எழுந்திருக்கின்றன. மத்திய அரசு வேலை, தனியார் வேலை, கல்லூரிச் சேர்க்கை என்று போகிறவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் டிஎன்பிஎஸ்சிதான் லட்சியம் என்றால், சர்ச்சைக்கே இடமில்லாத மாநில வாரியம் கையருகே இருக்கும்போது எதற்கு அந்தக் கவலை? கணக்கை ஒரு வருடம் டியூஷன் வைத்துத் தேறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கட்டணமும் இங்கே சில நூறில் முடியாது, ஆயிரங்களில் போகும். பத்தாவதுக்குத் தமிழ் வழி இருக்கிறது. பிளஸ் டூவில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் புத்தகமும் கேள்வித்தாளும் உண்டா என்று பணம் கட்டும் முன் பாட வாரியாகப் பாருங்கள்.

என்ஐஓஎஸ் பெயரைச் சொல்லி ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. "ஒரே வருடத்தில் பத்தும் பன்னிரண்டும், நீங்கள் பரீட்சைக்கே வர வேண்டாம், ஆள் வைத்து எழுதிவிடுவோம்" என்று பேசுவார்கள். ஆள்மாறாட்டம் குற்றம். மாட்டினால் சிக்குவது சான்றிதழில் பெயர் இருப்பவர்தான். கேள்விப்படாத வாரியங்களின் பெயரில், முன்தேதி போட்டு அச்சடித்துத் தருகிறவர்களும் உண்டு. வேலையில் சேர்ந்து, சான்றிதழ் உண்மைத்தன்மை சரிபார்ப்புக்குப் போகும்போது பிடிபட்டால் வேலையோடு மானமும் போகும். என்ஐஓஎஸ்ஸில் சேர ஏஜெண்டே தேவையில்லை, பதிவு முழுவதும் அவர்களின் இணையதளத்திலேயே செய்யலாம்.

கையில் தொழில் இருப்பவருக்கு

கோவை லேத் பட்டறைத் தம்பி மாதிரி ஆட்களுக்குப் பொருளியலும் வணிகவியலும் படிக்கச் சொல்வது அவர்கள் கையில் இருக்கும் திறமையை வீணடிப்பது. அவர்களுக்கான வழி ஐடிஐ. அரசு ஐடிஐயில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எட்டாவது தேறியவர் சேரக்கூடிய வயர்மேன் போன்ற பிரிவுகளும், பத்தாவது தேறியவருக்கான ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் பிரிவுகளும் இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இதில் உண்டு. எட்டாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ தேறியவர், பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். பத்தாவது முடித்து ஐடிஐ தேறியவர் பிளஸ் டூவின் இரண்டு மொழிப் பாடங்களை எழுதினால் பன்னிரண்டாவதுக்கு இணை. கணக்கும் அறிவியலும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழோடு இளங்கலையில் சேரலாம். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. வேலையை விட முடியாத டிப்ளமாகாரர்களுக்குக் கோவை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் மாலை நேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று ஆண்டு டிப்ளமா, பிறகு பட்டம் என்ற வரிசையை டிஎன்பிஎஸ்சியும் ஏற்கிறது.

குறை என்று பார்த்தால், ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் பகல் நேரப் படிப்பு. குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் ஒருவர்தான் என்றால் இரண்டு மூன்று வருட வருமானத்தை விடுவது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறாரா, பட்டறை முதலாளி அரை நாள் வேலைக்கு ஒப்புக்கொள்வாரா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க முடியும்.

பிளஸ் டூ கைக்கு வந்த பிறகு

இங்கே முடிவு அவ்வளவு கடினமில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் சேர வயது வரம்பு குறுக்கே வரலாம். உதவிபெறும் கல்லூரிகளில் மதியத்துக்குப் பிறகு நடக்கும் இரண்டாம் ஷிப்ட் இருக்கிறது, சென்னை, மதுரை, திருச்சி மாதிரி நகரங்களில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். மற்றவர்களுக்குத் தொலைதூரக் கல்விதான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் என்று பல இடங்கள். இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்துப் படிக்கலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு தேர்வு விட்டுப்போனால் படிப்பே போய்விடாது என்பது குடும்பஸ்தர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சேரும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்க வேண்டும். பட்டியல் அவர்களின் இணையதளத்தில் இருக்கிறது. இப்போது சேர்க்கைக்கு முன் மாணவரே அங்கே பதிந்து டிஇபி எண் எடுக்க வேண்டியிருப்பதால், இதைச் சரிபார்ப்பது முன்னைவிட எளிது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைதூரத்தில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று: அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தொலைதூரப் படிப்புக்குக் கிடையாது.

எதற்காகப் பட்டம்?

என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். அரசு வேலைக்கு என்றால், பட்டம் வரை காத்திருக்கவே வேண்டாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு அடிப்படைத் தகுதி பத்தாவது தேர்ச்சிதான். இருநூறு கேள்விகளில் பாதி தமிழ். பத்தாவது தேறிய அன்றே அதற்குத் தயாராக ஆரம்பித்துவிடலாம், பிளஸ் டூவும் பட்டமும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கட்டும். ஒன்பதாவதோடு நின்றவருக்குப் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றும் முடிய ஆறு வருடம் ஆகும் என்று வையுங்கள். வயது வரம்பு உங்கள் பிரிவுக்கு எத்தனை, ஆதரவற்ற விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எவ்வளவு தளர்வு என்பதை இன்றே பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இந்த ஆறு வருடக் கணக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் முதல் வருடத்திலேயே பத்தாவது கைக்கு வந்து ஒரு கதவு திறக்கிறது என்று தெரிந்தால் மீதியைத் தாங்கிக்கொள்ளலாம்.

தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவிக்கு என்றால் என்ஐஓஎஸ் வழியும் போதும், ஐடிஐ வழியும் போதும். வக்கீல், ஆசிரியர் என்றால் வரிசை பிசகவே கூடாது. பட்டம் என்ற அந்த ஆசைக்காகவே படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு தமிழ் இலக்கியம் படிக்க வேண்டும் என்கிறவர்கள். அவர்களும் பத்தாவதிலிருந்தே வரலாம், அவசரம் இல்லாமல், பிடித்த பாடமாக எடுத்துக்கொண்டு. அவர்களுக்கு என்ஐஓஎஸ்ஸின் ஐந்து வருட அவகாசம் தோதாக இருக்கும்.

கடைசியாக, ஏற்கெனவே அந்த ஆயத்தப் படிப்பு வழியாகப் பட்டம் வாங்கிவிட்டவர்களுக்கு. இனிமேல் பிளஸ் டூ எழுதிச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். வரிசை கேட்கும் இடங்களில் அது போதாது, பிளஸ் டூ தேர்ச்சித் தேதி பட்டத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அரசு வேலையோ சட்டப் படிப்போ வேண்டும் என்றால் பத்தாவது, பிளஸ் டூ எழுதிவிட்டு இன்னொரு பட்டத்தில் சேருவதுதான் உறுதியான வழி. கேட்கவே வலிக்கும் என்று தெரியும். ஆனால் பட்டப் படிப்பை ஒருமுறை முடித்தவர்களுக்குப் பத்தாவது புத்தகம் மலைப்பாக இருக்காது. தேர்வு எழுதிய பழக்கம் கையில் இருக்கிறது. அறிவியல் செய்முறை வகுப்புக்கான அறிவிப்பு இந்த ஆண்டு எப்போது வருகிறது என்று உங்கள் பகுதி அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.